உம்மாவிடம் தினமும் சொன்ன செய்தி

காலையில் தேநீர்க் கோப்பையைக் கையில் வாங்கியதும் உம்மா கேட்பார்: "தம்பி எங்க, மகள்? இன்னும் எழும்பல்லியா?"

மூளைக் காய்ச்சலிலிருந்து உம்மா உயிரோடு மீண்டார். ஆனால் அதன் பிறகு நடந்த எதுவும் அவர் மனதில் சில நிமிடங்களுக்கு மேல் நிற்கவில்லை. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில்தான் என் தம்பி நிந்தவூர் வீதியில் மோட்டார் சைக்கிளில் அடிபட்டு, உயிர் பிரிந்து மௌத்தானான். "சம்மாந்துறைக்குப் போயிருக்கான் உம்மா" என்பேன். மீண்டும் கேட்கும்வரை அந்தப் பொய் போதும்.

வாப்பா பல்கலைக்கழகத்தில் தத்துவம் படிப்பித்தவர். மனம் என்பது மூளை மட்டும்தானா என்பதே அவருடைய வாழ்நாள் கேள்வி. இருபது வருடங்களாக அடுத்தவர்களின் ஆய்வுகளை வைத்தே எழுதி வந்தவருக்கு, இப்போது சொந்த வீட்டிலேயே ஓர் ஆள் கிடைத்துவிட்டது.

"பொய் சொல்லாத, மகள். உண்மை தெரிய அவவுக்கு உரிமை இருக்கு" என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. தம்பி மௌத்தானதை அவரே சொன்னார். உம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு தரையில் விழுந்து கதறினார். கால் மணி நேரம் கழித்து, கண்ணீர் காயாத முகத்தோடு, "தம்பி எங்க?" என்றார். வாப்பா மறுபடியும் சொன்னார்.

அடுத்த நாளும் சொன்னார். அதற்கடுத்த நாளும். எவ்வளவு நேரம் அழுகிறார், எப்போது மறக்கிறார் என்று கொப்பியில் குறித்துக்கொண்டார். நான் கெஞ்சினேன்.

"அவவுக்கு ஒவ்வொரு தரமும் முதல் தரம்தான். நேத்தைய நோவு அவவிட்ட இல்ல. இல்லாத நோவுக்கு நீ ஏன் அழுறாய்?"

அந்தக் குறிப்புகளைக் கணினியில் தட்டச்சு செய்து கொடுத்ததும் நான்தான்.

மூன்றாம் மாதம், வாப்பா அறைக்குள் வந்தாலே உம்மா சுவரோடு ஒதுங்கத் தொடங்கினார். "என்னெண்டு தெரியா மகள், உங்கட வாப்பாவக் கண்டா நெஞ்சு பதறுது" என்றார். முப்பது வருடம் அவரோடு வாழ்ந்தவர். அதைக் கேட்டபோது வாப்பாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். நினைவு அழிந்த பிறகும் பயம் மிஞ்சுகிறது என்று ஒரு கட்டுரை எழுதினார். அந்தக் கட்டுரைதான் அவருக்குப் பேராசிரியர் பதவியையும் வெளிநாட்டு அழைப்பையும் வாங்கிக் கொடுத்தது. அதில் உம்மாவுக்குப் பெயர்கூட இல்லை, நோயாளியைக் குறிக்க ஓர் எழுத்து மட்டும். உம்மா போன வருடம் மௌத்தாகிவிட்டார். இன்றும் மாணவர்கள் அந்த எழுத்தைப் படிக்கிறார்கள்.

அன்று, கட்டுரை வெளியான வாரமே உம்மாவை மருதமுனையிலுள்ள என் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். இரண்டு வருடம் கழித்து, வெளிநாட்டிலிருந்து திரும்பிய வாப்பா வாசலில் நின்று சலாம் சொன்னார். அந்தக் குரல் கேட்டதுமே உம்மா அறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

"போயிடுங்க வாப்பா" என்றேன்.

அவர் அசையவில்லை. மூடிய கதவையே பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "ரெண்டு வருசமாகியும் பயம் குறையல்லியா?"

அந்தக் குரலில் கொஞ்சமாவது துக்கம் இருந்ததா என்று எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்துவிட்டேன். இல்லை. வியப்புத்தான் இருந்தது.