கடைசிப் பொத்தான்

கவுனின் முதுகுப் பக்கம் வரிசையாகப் பொத்தான்கள். ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தார் தையல்காரர். கடைசிப் பொத்தானை விரலிடுக்கில் கொஞ்ச நேரம் உருட்டினார். பிறகு அதைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கவுனுக்காகக் காத்திருந்தவள் மருந்துக்கடையில் வேலை செய்பவள். விடுமுறை விருந்தில் சொந்தபந்தம் எல்லாம் சேர்ந்து படம் எடுப்பார்கள். அதற்காக மகளுக்குத் தைக்கக் கொடுத்திருந்தாள்.

“கொஞ்சம் வேலை பாக்கி இருக்கும்மா. வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன். நாளைக்கு அங்க வந்து வாங்கிக்குங்க.”

“உங்களை ‘நாளைக்கு’ன்னு தெருவே கூப்பிடுறது சும்மா இல்லண்ணே!”

அவரும் சிரித்தார். கடையைப் பூட்டினார். வருடக் கடைசி விடுமுறை தொடங்கியது.

ஒவ்வொரு வருடமும் அவர் செய்யும் வேலைதான் இது. ஏதாவது ஓர் அவசரத் துணியில் ஒரு பொத்தானோ கொக்கியோ வைக்காமல் நிறுத்திவிடுவார். துணி கொடுத்தவர் திட்டிக்கொண்டே அவர் வீட்டு மாடிப்படி ஏறி வருவார். உட்காரவைத்து, தேநீர் போட்டுக் கொடுத்து, ஒரு நிமிட வேலையை இழுத்து இழுத்துத் தைப்பார். திட்டு ஓய்ந்து பேச்சு தொடங்கும். அதை வைத்து மீதி விடுமுறையைத் தள்ளிவிடுவார். தையல் இயந்திரம் நின்றால் அவரும் நின்றுவிடுவார். மனைவி உயிரோடு இருந்தபோதே அப்படித்தான். தனிமைதான் நோய் என்று மற்றவர்கள் முடிவு கட்டியது அவள் போன பிறகு.

இந்த முறை மருந்துக்கடைக்காரி வரவில்லை. போன்தான் வந்தது.

“அண்ணே, இன்னைக்கு எனக்கு லீவு தரல. நாளைக்கு விடியக்காலைல ஊருக்குக் கிளம்பறோம். எங்க கடை உங்க வீட்டுக்குப் பக்கம்தானே, கொண்டு வந்து குடுத்துடுங்களேன்?”

“சரிம்மா” என்றார். கட்டிலில் படுத்தபடியேதான் சொன்னார். கவுன் எதிரே ஆணியில் தொங்கியது. பொத்தான் சட்டைப் பையில் இருந்தது. எழுந்தால் முடிந்தது. எழ முடியவில்லை. போன் மறுபடி அடித்தது. பெயரைப் பார்த்தார், கை போகவில்லை. அடித்து அடித்து அதுவே ஓய்ந்தது.

இரண்டு நாள் கழித்துத் தங்கை வந்தாள். படுக்கையில் கிடக்கும் நோயாளிகளை அவரவர் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்வது அவள் தொழில். வந்தவள் நலம் விசாரிக்கவில்லை. குளியலறை வாளியைப் பார்த்தாள்; காய்ந்து கிடந்தது. அடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். ஜன்னலைத் திறந்தாள்.

“எப்ப சாப்பிட்ட?”

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

“சாகணும்னு தோணுச்சா? மறைக்காம சொல்லு.”

“இல்ல. எந்திரிக்கணும்னு தோணல.”

“சரி. முதல்ல தண்ணி குடி.”

அவர் குடித்து முடிக்கும்வரை டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகுதான் கவுன் அவள் கண்ணில் பட்டது. “இது யாருது?” என்று கேட்டாள். விட்டு விட்டுச் சொன்னார். வருடா வருடம் செய்வதையும் சேர்த்தே சொன்னார்.

“ஆள் வேணும்னா எனக்கு ஒரு போன் போடக் கூடாதா? அடுத்தவங்க வீட்டுக் குழந்தையோட துணிதான் கிடைச்சுதா உனக்கு?”

“உனக்கு வேலை இருக்கும்னு…”

“இருக்கு. உன்னை மாதிரி கிடக்கிறவங்களைத் தூக்கி உட்கார வைக்கிற வேலை. அதுக்கு எனக்குச் சம்பளமே தர்றாங்க.”

போனை எடுத்து மருந்துக்கடைக்காரியின் எண்ணை அழுத்தி அவர் காதில் வைத்தாள்.

“மன்னிச்சிடும்மா. உடம்பு சரியில்ல” என்றார்.

“ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருந்தா ரெடிமேடாவது வாங்கியிருப்பேன்ல? பழைய கவுனைப் போட்டுக்கிட்டுப் படத்துல நிக்க மாட்டேன்னுட்டா என் பொண்ணு. அவ இல்லாமலே படம் எடுத்தாங்க. இனிமே என் துணி எதையும் தொடாதீங்க.”

அவர் போனைக் கீழே வைத்தார். தங்கை ஆறுதல் சொல்லவில்லை. கஞ்சி காய்ச்சினாள்.

“உடம்பு சரியில்லன்னு சொன்னியே, அது பொய்யில்ல. ஆனா அதுக்கு வைத்தியம் மாடிப்படில யாராவது ஏறி வர்றது இல்ல. விடிஞ்சதும் டாக்டர்கிட்ட போறோம். விடுமுறைலயும் ஒருத்தர் உட்காருறார், விசாரிச்சுட்டேன்.”

அன்று இரவு அவள் அங்கேயே பாய் விரித்துப் படுத்தாள்.

மறுநாள் காலை அவரைக் குளிக்க அனுப்பினாள். சவரம் பாதியிலேயே நின்றுவிட்டது, பரவாயில்லை என்றாள். ஊசிக் காதில் நூல் இரண்டு முறை நுழையாமல் விலகியது. அவள் வாங்கிக் கோத்துக் கொடுத்தாள். பொத்தானைத் தைத்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ஊரிலிருந்து திரும்பியிருந்த மருந்துக்கடைக்காரியின் வீட்டுக்கு இருவரும் நடந்தார்கள். கதவு ஒரு சாண் திறந்தது. ஒரு கை கவுனை வாங்கிக்கொண்டது. கதவு சாத்திக்கொண்டது. உள்ளே குழந்தை ஏதோ கேட்டது. என்னவென்று காதில் விழவில்லை.

அவர் அங்கேயே நின்றார்.

“டாக்டர்கிட்ட நாளைக்குப் போலாமே” என்றார்.

“அந்த வார்த்தையை இன்னொரு தடவை சொல்லு, பல்லைத் தட்டிடுவேன்” என்று சொல்லிவிட்டு அவள் முன்னால் நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச தூரம் போனபின் அவருடைய செருப்புச் சத்தம் பின்னால் கேட்டது.