டீயை ஒறுத்த லூர்து மேரி

பிள்ளைப்பாக்கம் லூர்து மேரிக்கு ஒரகடத்தில் கார் ஒயர் கட்டும் கம்பெனியில் வேலை. ஒயர் முனையை பிளாஸ்டிக் கட்டையின் ஓட்டைக்குள் ‘க்ளிக்’ என்று செருக வேண்டும். சத்தம் வராவிட்டால் பீஸ் ரிஜெக்ட். மேரிக்கோ கழுத்திலிருக்கும் தைராய்டு சுரப்பி படுத்துவிட்டது. உடம்பு உப்பிற்று, முடி கொட்டிற்று, செருகக் கையெடுத்தவள் அப்படியே கண்ணயர்ந்தாள்.

“ஈஸ்டர் வரிக்கும் பாப்பேன் மேரிம்மா. அப்பவும் தூங்குனா ஹவுஸ்கீப்பிங்தான்” என்று சொல்லிவிட்டார் சூப்பர்வைசர் ரகுபதி. கூட்டிப் பெருக்குவது கேவலமில்லை. ஆனால் அங்கே போனவர்கள் கம்பெனி ஆளில்லை, கான்ட்ராக்ட் ஆள். எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிடுவார்கள்.

ஸ்ரீபெரும்புதூர் டாக்டர் சசிகலா கொடுத்த தைராய்டு மாத்திரையை மேரி ஒருநாளும் தவறவிட்டதில்லை. தவறு வேறு இடத்தில் இருந்தது. அவள் புருஷன் மரியஜோசப் ஆயுளில் கற்றுக்கொண்ட ஒரே வீட்டு வேலை டீ போடுவது. கம்பெனி பஸ் இருட்டோடு வந்துவிடும் என்பதால், ஒரு கையில் மாத்திரையும் மறு கையில் பாலும் தூளும் தூக்கலாகப் போட்ட டீயுமாகக் கட்டிலருகே வந்து நிற்பார். மேரி மாத்திரையை டீயிலேயே விழுங்குவாள்.

“வெறும் வயித்துலதானே போடுறீங்க?” என்று டாக்டர் கேட்பார்.

“மாதாவாணை மேடம்.”

பொய்யில்லை. டீயைச் சாப்பாட்டுக் கணக்கில் எந்த ஊரில் சேர்த்தார்கள்? ரத்தப் பரிசோதனை எண் இறங்கவில்லை. டாக்டரும் மாத்திரையின் அளவை ஏற்றிக்கொண்டே போனார்.

அந்த நேரத்தில், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தைத் தொடங்கிவைக்கும் சாம்பல் புதன் வந்தது. வருஷா வருஷம் தவக்காலத்தில் கறியை விடுபவள், இந்த முறை வேண்டுதல் பெரிது என்பதால் ஒறுத்தலும் பெரிதாக இருக்கட்டும் என்று டீயை விட்டாள். மரியஜோசப்புக்கு முகம் தொங்கிப் போயிற்று.

“இன்னாடி இது? கறிய வுடு, மீன வுடு. என் டீ இன்னா பாவம் பண்ணுச்சு?”

மாத்திரை இப்போது தண்ணீரில் இறங்கியது. சில வாரங்களில் மேரி முழித்துக்கொண்டாள். கை பறந்தது. பக்கத்து ஸ்டூலில் உட்காரும் சங்கரன்கோவில்காரி முப்பிடாதி வாயைப் பிளந்தாள்.

“யக்கா, எந்தச் சாமிய கும்பிட்டிய? எனக்கும் சொல்லுங்க.”

“டீயை வுட்டேன்டி. அவ்ளோதான்.”

போதாதா? பொட்டு வைத்தவர்கள், வைக்காதவர்கள் எல்லாம் சேர்ந்து லைனில் பாதிப் பேர் டீயை விட்டார்கள். கேன்டீன் டீ மாஸ்டர் மேரியைக் கண்டாலே முறைத்தார்.

கொடுத்த சாமி நிறுத்த மறந்துவிட்டதோ என்னவோ, அருள் அதோடு நிற்கவில்லை. மேரிக்கு ராத்தூக்கம் போயிற்று. ஏசி ஹாலில் வேர்த்தது. நெஞ்சு தடதடத்தது. ஒன்றுமில்லாததற்கு ரகுபதியிடமே எகிறினாள். கடைசியில் விரல் நடுங்க ஆரம்பித்தது. ஒயர் ஓட்டையைச் சுற்றிச் சுற்றி வந்ததே தவிர உள்ளே போகவில்லை. ரிஜெக்ட் குவிந்தது.

“நீ தூங்கினு இருந்தப்பவே தேவலாம்மா” என்றார் ரகுபதி.

அன்றைக்கு பஸ்ஸில் வாய்விட்டு அழுதாள். எதைக் காப்பாற்ற டீயை விட்டாளோ அதுவே கைவிட்டுப் போகப் போகிறது.

புது ரிப்போர்ட்டையும் அவள் விரலையும் மாறி மாறிப் பார்த்தார் டாக்டர்.

“புதுசா என்ன பண்ணுனீங்க?”

“டீயை ஒறுத்துட்டேன் மேடம், ஆண்டவருக்காக” என்றாள் மேரி பெருமையாக. “அதுக்கு முன்னாடி மாத்திரையே அதுலதான் போட்டுக்குவேன்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

“உங்க தைராய்டு வேலை செய்யாத ஒர்க்கர். மூளைக்கு அடியில ஒரு சூப்பர்வைசர் இருக்கான். ஹார்மோன் குறைஞ்சா கத்துவான். அந்தக் கத்தலைத்தான் நான் ரத்தத்துல அளக்கறேன். டீ உங்க மாத்திரையை உடம்புல முழுசா சேரவிடல. கத்தல் அடங்கலையேன்னு நான் டோஸை ஏத்திக்கிட்டே போனேன். இப்போ டீ இல்ல, ஏத்துனது அத்தனையும் உள்ள போகுது. எதோட முழுங்குறீங்கன்னு நானும் கேட்டிருக்கணும்.”

“அப்போ இது ஆண்டவர் செஞ்சது இல்லியா மேடம்?”

“டீயை விடச் சொன்னது யாரு? நானா?” என்ற டாக்டர், மாத்திரை அளவைக் குறைத்து எழுதினார். டீ குடிக்கலாம், ஆனால் மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான்.

இடிந்துபோனவர் மரியஜோசப்தான். பெண்டாட்டியின் வைத்தியத்தைத் தினம் தினம் தன் கையாலேயே கெடுத்திருக்கிறோமே என்று மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. ஈஸ்டருக்குப் புடவை எடுக்கப் போனவர் ஃப்ளாஸ்க்கோடு வந்து நின்றார்.

“ஈஸ்டர் முடிஞ்சதும் இதுலதான் டீ. மாத்திரைய தண்ணில போடு. ஒரகடம் பாலம் ஏர்ற வரிக்கும் இத்தத் தொறக்காத.”

ஊர் ஊராகச் சுற்றி ஆள் ஏற்றும் பஸ் பாலத்தைத் தொட ஒரு மணி நேரமாகும்.

ஈஸ்டர் தாண்டியும் ரகுபதி பொறுத்துப் பார்த்தார். ஒருநாள் மேரியின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று காதைத் தீட்டினார். க்ளிக். க்ளிக். க்ளிக். அடுத்த லைனுக்கு நடந்தார். ஹவுஸ்கீப்பிங் பேச்சு அதோடு நின்றது.

வீட்டு வாசலில் மரியஜோசப் காத்திருந்தார்.

“பாலம் ஏறுன அப்பாலதான் குட்ச்சே?”

“ஆமாய்யா.”

“எப்படி இருந்துச்சு?”

பாதி டீயை முப்பிடாதி பிடுங்கிக் குடித்திருந்தாள். மீதி ஆறிப்போய், ஃப்ளாஸ்க் மூடி வாசம் அடித்தது.

“சூப்பரா இருந்துச்சுய்யா” என்று சொல்லிவிட்டு, நடுங்காத கையால் ஃப்ளாஸ்க்கை நீட்டினாள் மேரி.