பெட்டிக்குள் அடங்காத மழைச்சாமி

ஒதிலியா முகர்ந்து பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவாள். வஹாக்கா நகரத்துத் தொல்பொருள் அலுவலகத்தில் இருபத்தாறு வருஷமாக அவளுக்கு அதுதான் வேலை. பழங்காலச் சிலைகளைப் போலவே இப்போது செய்கிற மண்பொம்மைகளை வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டுமென்றால், 'இது அலங்காரப் பொருள், பழையது அல்ல' என்று அவள் தாள் தர வேண்டும். பொம்மையின் அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவாள். போன மாதம் சுட்ட மண்ணுக்கு ஒரு வாசனை, ஆயிரம் வருஷம் நிலத்துக்குள் கிடந்த மண்ணுக்கு வேறு வாசனை. சாணத்தில் புதைத்துப் பழசாக்கிக் கொண்டுவந்தவர்கள்கூட அவள் மூக்கிடம் தோற்றுத்தான் போனார்கள்.

ஆனால் ஒரே அச்சில் எடுத்த சரக்கென்றால் ஒன்றை மட்டும்தான் நனைப்பாள். ஒன்றின் உயரத்தை அளந்துவிட்டு மற்றவற்றுக்கு 'மேற்படி' போடுவாள். அலுவலகத்தில் எல்லோருக்கும் அதுதான் வழக்கம்.

மண்பொம்மை செய்கிற எர்மீனியாவின் பன்னிரண்டு மழைச்சாமிகளுக்கும் அப்படித்தான் போட்டாள். எர்மீனியா அவள் மகளின் ஞானத்தாய். குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்த நாளிலிருந்து இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றுதான் கூப்பிடுவார்கள். அடுத்த மாதம் அந்த மகளுக்குக் கல்யாணம். ஊர் வழக்கப்படி, வான்கோழியைத் தோளில் சுமந்துகொண்டு கல்யாண ஊர்வலத்தில் ஆட வேண்டியவள் எர்மீனியா.

புதன்கிழமை, பெட்டி அடிக்கிற தாமியான் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அலுவலக வாசலில் நின்றான்.

"உங்க தாள்ல இருந்த அளவப் பாத்துத்தான் பெட்டி அடிச்சேன். பதினொண்ணு கச்சிதமா உக்காந்துடுச்சு. ஒண்ணு மட்டும் ரெண்டு வெரக்கடை ஒசந்து மூடிய முட்டுது. அந்தச் சாமி மட்டும் சோளம் ஜாஸ்தியா தின்னுருக்கும்போல."

ஒதிலியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. களிமண் காயும்போது சுருங்கும், சூளையில் இன்னும் சுருங்கும். எதிலிருந்து அச்சு எடுத்தார்களோ அதைவிட நகல் எப்போதும் குட்டைதான். பதினொன்றும் பிள்ளைகள் என்றால், உயர்ந்து நிற்பது தாய்.

பேருந்தில் போகும்போது, யாரோ அச்சில்லாமல் கையால் செய்ததாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே போனாள். எர்மீனியாவின் முற்றத்தில் கல்யாண வான்கோழி ஒரு காலில் கயிற்றோடு மேய்ந்துகொண்டிருந்தது. ஒதிலியா பெட்டியிலிருந்த வைக்கோலை விலக்கி அந்த ஒன்றை எடுத்தாள். கவிழ்த்து ஒரு சொட்டு விட்டு முகர்ந்தாள். ஆயிரம் வருஷம் நிலத்துக்குள் கிடந்த மண்ணின் வாசனை.

"அதுவா? அதுதான் தாய்," என்றாள் எர்மீனியா, மறைக்க ஒன்றுமில்லாதவள் போல. மாமனாரின் கலப்பையில் தட்டுப்பட்டதாம். முப்பது வருஷமாக அடுப்பங்கரையில் அதற்குள் அகப்பை செருகி வைத்திருந்தார்களாம். சூளையில் ஒரு பிள்ளை வெடித்துவிட்டது. வாங்குகிறவர் டஜனாகத்தான் கேட்டார். அச்சுதான் இருக்கிறதே, தாய் எதற்கு என்று தேய்த்துக் கழுவிச் சேர்த்துவிட்டாளாம்.

"இது நாட்ட விட்டுப் போகக் கூடாது கொமாத்ரே. ஆபீஸ்ல ஒப்படைக்கணும். உன்ன விசாரிப்பாங்க."

"எங்க வீட்டு அகப்பைச் சட்டிக்கா?" எர்மீனியா கையை ஏப்ரனில் துடைத்தாள். "பன்னெண்டும் புதுசுன்னு நீதான எழுதுன? என்ன விசாரிச்சா உன்ன விட்டுருவாங்களா? தாமியான்கிட்ட பெரிய பெட்டியா ஒண்ணு அடிக்கச் சொல்லு. முடிஞ்சுது."

அது சரிதான். ஒரு பலகை நீளமாக இருந்தால் போதும், யாருக்கும் தெரியாது. சாமி பிளவுபட்ட நாக்கை நீட்டிக்கொண்டு அவள் மடியில் உட்கார்ந்திருந்தது. கண்ணோரத்தில் அடுப்புக்கரி இன்னும் போகாமல் இருந்தது.

ஒதிலியா பையிலிருந்து தாளை எடுத்து, பன்னிரண்டை அடித்துப் பதினொன்று என்று திருத்தினாள். இன்னொரு தாளில் அலுவலகத்துக்கு எழுதத் தொடங்கினாள். முதல் வரி அவளைப் பற்றியது: 'ஒன்றை மட்டுமே அளந்தேன், மற்றவற்றை அளக்காமல் எழுதினேன்.' அடுத்த வரியில் எர்மீனியாவின் பெயரை எழுத வேண்டும். பேனா அங்கே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு எழுதினாள். தெரியாமல் சேர்த்தாள் என்றும் எழுதினாள். அதை யார் நம்பப் போகிறார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

எர்மீனியா ஒரு பழைய துணியைக் கொண்டுவந்து சாமியைச் சுற்றினாள். குழந்தையைச் சுற்றுகிற மாதிரி, கழுத்தைத் தாங்கிச் சுற்றினாள்.

"பாத்துக் கொண்டுபோங்க ஆபீசரம்மா," என்றாள்.

ஒதிலியா வாசலில் ஒருமுறை திரும்பி நின்றாள். எர்மீனியா கல்யாணத்துக்கென்று கட்டியிருந்த வான்கோழியின் கயிற்றை அவிழ்த்துவிட்டுக்கொண்டிருந்தாள்.