சித்தூரில் நிற்காத ஓர் எந்திரம்

காலை ஏழு மணிக்குத் திருப்பதியில் பஸ் ஏறினேன். சித்தூர் எழுபது கிலோமீட்டர். அங்கே ஒரு மாம்பழக் கூழ் தொழிற்சாலையில், ஓர் ஆள் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு கூழ் எடுத்துத் தருகிறார் என்று அளந்து சொல்ல வேண்டும். உற்பத்தித்திறன் என்பார்கள். சென்னையிலிருந்து ஊர் ஊராக இப்படி அளந்து திரிபவனுக்கு லாட்ஜ் அறைதான் வீடு. பேச ஆள் கிடையாது.

ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். கேட்டுக்கு வெளியே தோத்தாபுரி மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் கண்ணுக்கெட்டிய தூரம்வரை நின்றன. உள்ளே மேனேஜர் பெருமையாகக் காட்டினார்.

"மிஷின் ஒரு நிமிஷம்கூட நிக்கல, சூசாரா, பாத்தீங்களா?"

உண்மைதான். நான் அளந்த எந்த ஆலையிலும் இவ்வளவு நல்ல எண் வந்ததில்லை.

மதியம் டீ குடிக்க வெளியே வந்தேன். பதினைந்து ரூபாய். கார்வேட்டிநகரத்து விவசாயி தனபால், தன் டிராக்டர் நிழலில் எனக்கும் இடம் கொடுத்தார். லோடின் மேல் மாந்தழை பரப்பித் தண்ணீர் தெளித்திருந்தார்.

"மூணு நாளா நிக்கிறேன் சார். இன்னிக்கு உள்ள போவலைன்னா அத்தனையும் அழுகிடும். ஒரு வருசத்து பாடு."

"அதுக்குள்ள ஏன் பறிச்சீங்க?"

"டோக்கன் குடுத்துட்டாங்களே. கூப்புடும்போது லோடு இல்லன்னா வரிசை போயிடும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர்கள் நிற்பதால்தான் எந்திரம் நிற்கவில்லை. மேனேஜரிடம் போய், இவர்கள் காத்திருக்கும் நேரத்தையும் கணக்கில் சேர்க்கலாமா என்றேன்.

"அவங்க நம்ம ஸ்டாஃப் இல்லியே சார்."

தனபாலையாவது முதலில் விடுங்கள் என்றேன். அவருக்கு முன்னால் நிற்பவர்களின் காய்க்கும் அதே கதிதான் என்றார். எரிச்சலோடு வெளியே வந்தேன்.

ஐந்து மணிக்குத் தனபாலின் முறை வந்தது. தழையை விலக்கினார்கள். தரம் பார்ப்பவர் இரண்டு காய்களை அழுத்திப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று கையசைத்தார். பின்னாலிருந்த டிராக்டர் உடனே உள்ளே போனது.

தனபால் வண்டியைத் திருப்பினார். என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"பஸ் ஸ்டாண்டா சார்? ஏறுங்க. நானும் தனியாத்தான் போய்க்கினு இருக்கிறேன்."

போகிற வழியில், ஊருக்கு வெளியே ஓர் ஓடைக்கரையில் நிறுத்தி, டிரெய்லரின் பின்பலகையைத் திறந்தார். சென்னையில் எனக்குக் கதவு திறக்க யாருமில்லை, அவசரமும் இல்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு நானும் ஏறி, வீணாய்ப்போன மாங்காயைக் கீழே தள்ள ஆரம்பித்தேன். இரண்டு பேர் என்பதால் வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது.