பவானி அக்கா யாருக்கும் பின்னால் போனவர் இல்லை

பவானி அக்கா போய்விட்டார். போன வாரம் திங்கட்கிழமை காலை வேலைக்கு வரும் வழியில், எஸ்-பான் ரயில் நிலையத்தில் மயங்கி விழுந்தவர் பிறகு எழும்பவே இல்லை... மாரடைப்பாம்.

ஸ்டுட்கார்ட்டில் ஒரு லொறிக் கம்பெனி ஆபீஸில் பதினொரு வருடமாக எனக்குப் பக்கத்து மேசை. எந்த லொறி எந்த வழியால் போக வேண்டும், டிரைவர் எங்கே படுக்க வேண்டும் என்று பிளான் போடுவதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் வேலை.

நேற்று செத்தவீடு. அழத்தான் போனேன். கோபத்தோடு திரும்பி வந்தேன், இன்னும் ஆறவில்லை.

முதலில் ஒன்று. அக்கா ஸ்னோவில் அடிபட்டுச் சாகவில்லை. மண்டப வாசலிலேயே மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், "உந்த ஸ்னோ மோட்டார்சைக்கிள் ஓடப் போய்த்தானே பிள்ளை?" என்று.

இல்லை. வேலைக்குப் போகும்போது. இனி ஒருத்தரும் வேலைக்குப் போக வேண்டாம் என்று சொல்லப் போகிறீர்களா?

தெரியாதவர்களுக்காக: அக்காவும் அவர் கணவர் சிவா அண்ணையும் ஒவ்வொரு மார்ச்சிலும் ஸ்வீடனின் வடக்குக்குப் போவார்கள். ஆளுக்கொரு ஸ்னோமொபைல் வாடகைக்கு எடுத்து, பத்து நாள், ஒரு மரக்குடிலில் இருந்து அடுத்த மரக்குடில் என்று பனிக்குள்ளேயே ஓடுவார்கள்.

அந்தப் பத்து நாளுக்கு அக்கா ஆறு மாதம் பிளான் போடுவார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மேசை முழுக்க மேப். பெற்றோல் எங்கே, அடுத்த பெற்றோல் எங்கே, இடையில் காற்றடித்தால் ஒதுங்க எங்கே...

"ஒரு டாங்குக்குக் கம்பெனிக்காரன் சொல்லுற தூரத்தை நம்பாத பிள்ளை. புது ஸ்னோவில மிஷின் பெற்றோலைத் தண்ணி மாதிரிக் குடிக்கும். நான் மூண்டில ஒரு பங்கைக் கழிச்சுப்போட்டுத்தான் கணக்குப் பாக்கிறனான்" என்பார்.

அண்ணை ஏதாவது ஒரு மலையைக் காட்டி ஆசைப்பட்டால் ஒரே பதில்தான். "ஏலாது. திரும்பி வர எண்ணெய் காணாது."

சரி, நேற்றைக்கு வருகிறேன். ஊர்ச்சங்கத்தில் பெரிய ஆள் ஒருவர் மைக்கைப் பிடித்தார். "கணவரின் நிழலாய், அவர் சென்ற இடமெல்லாம் பின்தொடர்ந்த உத்தமி. பனிமலைக்கும் பின்னால் போனவர். அன்னபூரணியாய்ச் சமைத்துப் போட்டவர்..."

பின்னாலா???

உண்மையைச் சொல்கிறேன், முதல் வருடம் நானும் அப்படித்தான் கேட்டேன். "அண்ணைக்குப் பின்னால இருக்கப் பயமில்லையா அக்கா?" கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஏன் பின்னால? நான்தான் முன்னால ஓடுறது. அவரை விட்டால் நோர்வேக்குப் போயிடுவார்."

சமையல் கதை அதைவிட மோசம். லீவில் அக்கா அடுப்புப் பக்கமே போக மாட்டார். விறகு மூட்டுவது, நூடில்ஸ் அவிப்பது, மீன் டின் உடைப்பது எல்லாம் அண்ணை.

ஒருமுறை முன்னால் ஓடிக்கொண்டிருந்த அக்கா திரும்பிப் பார்த்தால் அண்ணையின் லைட்டைக் காணவில்லையாம். வந்த வழியே திரும்பிப் போனால், மனுசன் உறைந்த ஏரி நடுவில் நிற்கிறார். மேலே ஸ்னோ, அதற்குக் கீழே ஐஸின் மேல் தேங்கிய தண்ணீர், மிஷின் பாதி உள்ளே. அக்கா தன் வண்டியைக் கெட்டியான இடத்தில் விட்டுவிட்டு, கயிறோடு நடந்து போயிருக்கிறார்.

"முதல்ல என்ன செய்தனீங்கள் அக்கா?"

"முதல்ல நல்லா ஏசினனான். பிறகு கயிறு கட்டினனான்."

இந்த மனுசிதான் நிழலாம்.

மைக் பிடித்தவர்தான் முப்பத்தோராம் நாள் சடங்கில் கொடுக்கும் நினைவு மலரும் எழுதுகிறார். விடவில்லை, போய்க் கேட்டேன். "அண்ணை, அவதான் முன்னால ஓடினவ. மலரிலயாவது மாத்துங்கோ."

"பிள்ளை, எல்லா மலருக்கும் உந்த வசனம்தான். பேரை மட்டும் மாத்துறது. இண்டைவரைக்கும் ஒருத்தரும் குறை சொன்னதில்லை."

எப்படிச் சொல்வார்கள்? செத்தவர் எழும்பி வந்து புரூஃப் பார்ப்பாரா?

பிறகு ஃபோனை எடுத்துக் காட்டினார். "பேஸ்புக்கில பார் பிள்ளை. எல்லாப் படத்திலயும் சிவா தானே ஓடுறான்?"

ஓம், சிவா அண்ணைதான் ஓடுகிறார். அக்கா முதலில் போய்ச் சேர்ந்து, இறங்கி, கையுறையைக் கழற்றி, பின்னால் வருகிறவரைப் படம் எடுத்தால் படத்தில் வேறு யார் இருப்பது?

வீட்டுக்கு வந்து அலுமாரியில் கிடந்த பழைய மலர்கள் இரண்டை எடுத்துப் பார்த்தேன். இரண்டிலும் அதே நிழல். அந்த இரண்டு அம்மாக்களும் உண்மையில் யாராக இருந்தார்களோ...

சிவா அண்ணை மீதும் எனக்குக் கோபம். முன் வரிசையில் குனிந்த தலை நிமிராமல் இருந்தார். நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே இருந்தேன்.

இன்று காலை அவரே எனக்கு ஃபோன் எடுத்தார்.

"நான் சொன்னனான் பிள்ளை. மலர் எழுதேக்கையே சொன்னனான். துக்கத்தில கதைக்கிறான் எண்டு தோளில தட்டிப்போட்டுப் போயிட்டினம்."

நேற்றுத் திட்டியதையெல்லாம் மனதுக்குள்ளேயே திரும்ப எடுத்துக்கொண்டேன்.

"அவ ஓடுற படமும் குடுத்தனான். முகம் தெரியேல்லை, சீலை உடுத்த படமாத் தாங்கோ எண்டினம். ஓடேக்க முகம் தெரியிற படத்துக்கு நான் எங்க போறது பிள்ளை? இத்தனை வருசமும் பின்னாலயெல்லோ வந்தனான்."

மலர் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. அந்த வசனத்தை எடுக்கும்வரை நான் அவர்களுக்கு ஃபோன் எடுத்துக்கொண்டேதான் இருப்பேன், சங்கத்து ஆட்கள் இதை வாசித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

அண்ணை அனுப்பிய படத்தைக் கீழே போட்டிருக்கிறேன், அவரைக் கேட்டுத்தான். சிவப்பு ஜாக்கெட், ஹெல்மெட், முதுகு. அதுக்கு அங்கால ஒரு தடமும் இல்லாத வெள்ளை.

நீங்கள் முன்னால போங்கோ அக்கா. நாங்கள் மெதுவா வாறம்.