பேர் கூப்பிட்ட சுப்பையா அண்ணை

காலை பத்து மணியிருக்கும். கடைசி வீட்டுப் பார்வதியக்கா வேலிப் படலையில் வந்து நின்று, "சுப்பையா அண்ணை போயிட்டார்" என்றா.

"எங்கை, நெடுங்கேணிக்கோ?" என்று கேட்டேன். அவா அழுதபோதுதான் விளங்கியது.

அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் ஒழுங்கையில், இந்தக் குறுகிய தெருவில், எட்டாம் வகுப்பு வரை படித்தவன் நான் ஒருவன்தான். ஐந்தாம் வகுப்புத்தான் என்பவர்கள் பொறாமைக்காரர்.

எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து தனியாக வந்தவர் அவர். தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவதைப் பிரட்டு என்பார்களாம். பிள்ளைகள் ஆளுக்கொரு திசையாகப் போய், தனித்துக் கிடந்த எங்கள் ஆறு கிழடுகளுக்கும் அவர் பிரட்டு வைத்தார். விடிந்ததும் ஒவ்வொரு படலையாக நின்று பேரைக் கூப்பிடுவார்.

முதல் நாள் நான் சீறினேன். "ஏன் காணும் கத்துறீர்? என்ரை பேர் உமக்குத் தெரியாதோ?"

"பேரு தெரியும் தம்பி. இருக்கீங்களான்னுதான் தெரியாது."

'ஓம்' என்றால் ஏற்கமாட்டார். 'இருக்கிறன்' என்று சொல்ல வேண்டும்.

ஒருநாள் நான் பதில் சொல்லவில்லை. காய்ச்சல், தலையணையே புகைந்தது என்றால் நம்புங்கள். கதவை உடைத்து, உழவு இயந்திரத்தில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார். டாக்டரே என்னைத் தொடப் பயந்தார்.

பிறகு அவருக்குக் கால் வீங்கியது. "வீட்டிலை இருங்கோவன்" என்றா பார்வதியக்கா.

"ஆறு வீட்டுக்கு நடக்காத காலு எனக்கு எதுக்கும்மா?" என்றார்.

அவர் போன அன்று காலை அவர் குரல் கேட்கவில்லை. நாங்கள் ஆறு பேரும் அவரவர் வீட்டில், பேர் கூப்பிடட்டும் என்று காத்திருந்தோம். பிந்தி வருகிறார் என்று நினைத்தோம். கடைசியில் பார்வதியக்காதான் போய்ப் பார்த்தா. எந்நேரம் போனாரென்று ஒருவருக்கும் தெரியாது. இத்தனை வருடத்தில் அவருடைய பேரை நாங்கள் ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள், பேர் கூப்பிட நான் இறங்கினேன். என் குரல் ஆனையிறவு வரை கேட்கும். ஆனாலும் அன்று படலைக்கே எட்டவில்லை. கடைசி வீட்டில் பார்வதியக்கா, "இருக்கிறன்" என்றா. திரும்பி நடந்தேன்.

"நில்லுங்கோ. உங்களை ஆர் கூப்பிடுறது?" என்று வெளியே வந்தா. ஒழுங்கை முழுக்கக் கேட்க, "கந்தையர்!" என்றா.

சுப்பையா அண்ணையிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரே ஒரு சொல். அதைப் பார்வதியக்காவுக்குக் கேட்கச் சொன்னேன்: "இருக்கிறன்."