சால்வைக்கு எழுந்திருக்காதவள்

பெங்களூரு காக்ஸ் டவுன் பக்கத்துத் தமிழ்ச் சபை ஒன்றில் ஞாயிறு ஆராதனைக்கு வருகிறவர்கள் ஆஞ்சலாவின் முகத்தை அதிகம் பார்த்திருக்க மாட்டார்கள். தூணுக்குப் பின்னால், மைக் பெட்டிகளுக்கு நடுவே, ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பாள். பாட்டின் ஓர் அடி முடியப்போகிறது என்றால் அவள் விரல் பட்டனைத் தட்டும். முன்னால் திரையில் அடுத்த அடி வந்து நிற்கும். பாடுகிறவர்கள் எங்கே மூச்சு வாங்குவார்கள் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

அதற்கு முன்னால் அடுகோடியில் ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தாள். அங்கே வேலை செய்தவர்களில் பாதிப் பேரின் முகம் தெரியாது, குரல் தெரியும். தானாகவே லைன் கொடுக்கிற மெஷின் வந்தபோது மானேஜர் எல்லோரையும் கூட்டி, அவளைப் பற்றி நாலு நல்ல வார்த்தை பேசி, ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார். ஆஞ்சலா "தேங்க் யூ சார்" என்றாள். அந்தத் தேங்க் யூவை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு வயிறு எரியும்.

சர்ச் கம்ப்யூட்டரில் இருப்பது விண்டோஸ் அல்ல, லினக்ஸ். வெளியூர்ப் பிரசங்கியார்கள் ஆளுக்கொரு பென் டிரைவோடு வருவார்கள். கூடவே வைரஸும் வரும். ஒரு பெரிய வெள்ளிக்கிழமை, சிலுவைப் படம் வரவேண்டிய நேரத்தில் திரையில் சீட்டாட்ட விளம்பரம் குதித்தது. அதன் பிறகு சபையிலிருந்த ஐ.டி. கம்பெனிக்காரர் ஒருவர் லினக்ஸைப் போட்டுக் கொடுத்தார். ஜீவனஹள்ளியில் ஆஞ்சலா வீட்டுப் பழைய லேப்டாப்பிலும் அதையே போட்டுவிட்டு, கனடா போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து யார் எதைச் செருகினாலும் கம்ப்யூட்டர் கலங்கவில்லை. கமிட்டிக்காரர்கள்தான் கலங்கினார்கள். "இதுல ஸ்டார்ட் எங்கம்மா இருக்கு?" என்று கேட்டு, மௌஸைத் தடவிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஆஞ்சலா மட்டும் அதோடு மல்லுக்கட்டிப் பழகிக்கொண்டாள்.

செயலாளர் ஞானசிகாமணிக்கு இது பிடிக்கவில்லை. தன்னைக் கேட்காமல் சர்ச்சுக்குள் ஒரு மின்விசிறிகூடச் சுற்றக் கூடாது என்று நினைக்கிற மனிதர் அவர். இந்தக் கம்ப்யூட்டரோ அவர் சொல்வதைக் கேட்பதாக இல்லை.

விளைச்சலைக் காணிக்கையாகப் படைக்கும் அறுப்பின் பண்டிகை வந்தது. பாடகர் குழுவை நடத்தும் எபினேசர் மாஸ்டர் புதிதாக ஒரு பாட்டுக் கட்டியிருந்தார். ஆஞ்சலா அதை வீட்டு லேப்டாப்பில் அடித்து, பின்னால் நெற்கதிர்ப் படமெல்லாம் வைத்து, கிளம்புகிற அவசரத்தில் பென் டிரைவில் காப்பி செய்தாள். காப்பி முடிந்ததாகத் திரை காட்டியது. வாசலில் ஆட்டோக்காரர், "பேகா பன்னி அம்மா, பேகா!" என்று கன்னடத்தில் அவசரப்படுத்தி ஹாரனை அமுக்கிக்கொண்டிருந்தார். ஒரு கையில் காணிக்கைப் பூசணிக்காய். மறுகையால் பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

சர்ச்சில் செருகியபோது பாட்டின் பெயர் தெரிந்தது. திறந்தால் ஒன்றுமில்லை. ஃபைல் கெட்டுப்போயிருக்கிறது என்றது கம்ப்யூட்டர். மூடித் திறந்தாள், கழற்றிச் செருகினாள். அதற்குள் ஆர்மோனியம் ஆரம்பித்துவிட்டது. திரை வந்த நாளிலிருந்து யாரும் பாட்டுப் புத்தகம் கொண்டுவருவதில்லை. கொண்டுவந்திருந்தாலும் புதுப் பாட்டு அதில் ஏது? பாடகர் குழு மட்டும் பாடியது. சபை முழுக்க வாயை மூடிக்கொண்டு வெள்ளைத் திரையைப் பார்த்து நின்றது. எபினேசர் மாஸ்டரின் முகத்தைப் பார்க்க ஆஞ்சலாவுக்குத் தைரியம் வரவில்லை.

ஆராதனை முடிந்து வெளியே காணிக்கைக் காய்கறி ஏலம் நடந்துகொண்டிருந்தது. ஞானசிகாமணி நேரே அவளிடம் வந்தார்.

"பாத்தியாம்மா, உன்னோட லினக்ஸ் பண்ணின வேலைய?"

இந்த இடத்தில் ஆமாம் என்று சொல்லியிருந்தால் ஆஞ்சலா தப்பித்திருப்பாள்.

"அது ஒண்ணும் பண்ணலண்ணா. நான்தான் பண்ணேன். எஜெக்ட் குடுக்காம புடுங்கிட்டேன்."

"அப்டின்னா?"

"காப்பி முடிஞ்சுதுன்னு அது காட்டும். ஆனா உள்ள இன்னும் எழுதிக்கிட்டிருக்கும். இப்ப எடுக்கலாம்னு அதுவே சொல்ற வரைக்கும் தொடக் கூடாது. வர்ற பிரசங்கியாருங்கள எல்லாம் இதுக்குத் திட்டிட்டு, இன்னிக்கு நானே புடுங்கிட்டேன். பாட்டோட பேரு மட்டும் வந்திருக்குது, பாட்டு வரல."

"சரி விடு, உனக்கும் வயசாவுது." அவர் குரல் தேனாகிவிட்டது. "அடுத்த ஞாயித்துக்கிழமையோட முடிச்சிக்கலாம். விண்டோஸ் போட்டுடறோம், என் மருமகன் பாத்துக்குவான். இத்தன நாள் ஊழியம் பண்ணியிருக்கே, சபை முன்னாடி உனக்கு ஒரு சால்வை போத்தறோம்."

"சால்வை எதுக்கு?"

"மரியாதைக்கும்மா."

"எழுந்து போன்னு சொல்றதுக்குப் பேரு மரியாதையா? ஒரு தப்புக்குப் போகணுமா? ஈஸ்டர் அன்னிக்கு நீங்க பைபிள்ல கிறிஸ்மஸ் பாடத்த வாசிச்சீங்க. மேய்ப்பருங்க ஆட்டுக்குட்டியோட வந்து நிக்கிற வரைக்கும் உங்களுக்குத் தெரியவேயில்ல. உங்களுக்கு யாராச்சும் சால்வை போத்தினாங்களா?"

பக்கத்தில் பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு நின்ற ஒருவர் சிரித்து, பழத்தை நழுவவிடப் பார்த்தார். ஞானசிகாமணி சிரிக்கவில்லை. மறுநாளே நோட்டீஸ் போர்டில் "சகோதரி ஆஞ்சலாவுக்குப் பாராட்டு" ஏறிவிட்டது.

"விட்டுத் தொலையேம்மா," என்றாள் மகள் ஸ்னேஹா. "ஓசில வேல செய்யறே. அதுக்கு கலாட்டா வேறயா?"

"ஓசில செய்யறதாலதான் கலாட்டா பண்ண முடியுது. சம்பளம் வாங்கினப்ப தேங்க் யூ சொல்லிட்டு வந்தேனே, போதாதா?"

பாஸ்டரும் போன் செய்தார். "சமாதானமாப் போயிடலாமேம்மா. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

"நான் எங்கயும் போகல பாஸ்டர். அதுதான் சமாதானம்."

அடுத்த ஞாயிறு காலை, அதே பாட்டை மறுபடி பென் டிரைவில் ஏற்றினாள். வாசலில் ஹாரன் அலறியது. "இருப்பா, ஓடியா போயிடும் உன் ஆட்டோ?" என்று உள்ளிருந்தபடியே கத்தினாள். எஜெக்ட் கொடுத்து, இனி எடுக்கலாம் என்று எழுத்து வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பிறகுதான் தொட்டாள்.

சர்ச்சில் தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முதல் பாட்டும் ஜெபமும் முடிந்தன. ஞானசிகாமணி மைக்குக்கு வந்தார். அவர் கையில் ஜரிகை போட்ட சால்வை இருந்தது.

"நமது அன்புச் சகோதரி பல காலம் உண்மையாய் ஊழியம் செய்து, இப்போது ஓய்வு பெற விரும்பி..."

ஆஞ்சலாவுக்குச் சுரீரென்றது. விரும்பியா?

"...அவர்களை முன்னே வருமாறு அழைக்கிறோம்."

சபை திரும்பிப் பார்த்தது. ஆஞ்சலா எழுந்திருக்கவில்லை. பாஸ்டர் கையிலிருந்த பைபிளில் எதையோ தேட ஆரம்பித்தார். ஞானசிகாமணி சிரித்த முகத்தோடு இன்னொரு தரம் அழைத்தார்.

ஆஞ்சலா பட்டனைத் தட்டினாள். அவர் தலைக்கு மேலே திரையில் நெற்கதிர்களும், அவற்றின்மேல் எபினேசர் மாஸ்டர் பாட்டின் முதல் அடியும் வந்து நின்றன.

மாஸ்டர் திரையைப் பார்த்தார். தூண் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். போன வாரம் பாழான பாட்டு அது. ஒரு வாரமாக அவர் வீட்டில் யாரோடும் சரியாகப் பேசவில்லை. இனி யார் தடுத்தாலும் நிற்கிற நிலையில் அவர் இல்லை. ஆர்மோனியத்தில் கையை வைத்துவிட்டார்.

பாட்டு என்றால் எழுந்து நிற்க வேண்டும். அது சபைக்குப் பழக்கம். பெஞ்சுகள் கிரீச்சிட்டன, எல்லோரும் எழுந்தார்கள். முதல் அடியில் தடுமாறினார்கள், இரண்டாவதில் ராகத்தைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாவதில் பின்வரிசை ஆண்கள்கூட வாயைத் திறந்தார்கள்.

ஞானசிகாமணி சால்வையோடு நடுவில் நின்றார். உட்காரவும் முடியாது, பேசவும் முடியாது. சுற்றிலும் அத்தனை பேர் பாடும்போது செயலாளர் வாயை மூடிக்கொண்டிருந்தால் நன்றாகவா இருக்கும்? வேறு வழியில்லாமல் திரும்பி, திரையைப் பார்த்து, அவரும் பாட ஆரம்பித்தார்.

அவர் மூச்சு வாங்குகிற இடம் பார்த்து, ஆஞ்சலா அடுத்த அடியைத் தட்டினாள்.